வீட்டிலிருந்தே ஹெல்த் ஸ்டார்ட்அப் இன்டர்ன்ஷிப்: தேறுமா, தேறாதா?

கோவை, ஈரோடு, பெருந்துறை, திருச்செங்கோடு பக்கம் பயோமெடிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.ஃபார்ம், நர்சிங் படிக்கிறவர்கள் ஹெல்த் ஸ்டார்ட்அப்களில் ரிமோட் இன்டர்ன்ஷிப் செய்வது கொரோனாவுக்குப் பிறகு சகஜமாகிவிட்டது. நிறுவனம் பெங்களூரிலோ சரவணம்பட்டியிலோ இருக்கும். மாணவர் சோமனூரிலோ கோபியிலோ இருப்பார். இரண்டு மாதம் செய்து முடித்தும், இன்டர்வியூவில் "என்னங்க செஞ்சீங்க?" என்று கேட்டால் விழிக்கிறவர்கள் உண்டு. அதே இரண்டு மாதத்தில் ஒரு ஜூனியர் வேலைக்கே தயாராகி வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு பேரையும் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: மாணவர் அனுப்பிய வேலையை யாராவது திறந்து பார்த்து, தப்பைக் குறித்துத் திருப்பி அனுப்பினார்களா? ஸ்டைபண்ட், சான்றிதழ், ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

விளம்பரத்தில் "ஏஐ" என்று இருக்கும். கையில் வந்து சேருவது பெரும்பாலும் எக்செல் ஷீட். இதில் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. மருத்துவத் தரவைச் சுத்தம் செய்யும் வேலைதான் இந்தத் துறையில் அதிகம் கற்றுக்கொடுக்கிற வேலை, சரிபார்க்க ஆள் இருந்தால்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். வயது 52, "சுகர்: 6.5". அலகு இல்லை. அது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்றால் 6.5 சதவீதம், அதாவது நீரிழிவு என்று முடிவு செய்யும் வரம்பு. மில்லிமோல் கணக்கில் எழுதிய வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை என்றால் 18ஆல் பெருக்க வேண்டும். 117 மில்லிகிராம் வரும். அது நீரிழிவு வரம்பான 126க்குக் கீழே, அதனால் நீரிழிவுக்கு முந்தைய நிலைதான். எண் ஒன்று, நோயாளி இரண்டு விதம். நம் ஊர் லேப்கள் மில்லிகிராமில் எழுதுகின்றன. வெளிநாட்டுக் கருவியிலிருந்தோ ஆப்பிலிருந்தோ வரும் ஷீட்டில் மில்லிமோல் கலந்துவிடும். புது இன்டர்ன் செய்யும் தப்பு, 6.5ஐப் பார்த்ததும் "இவ்வளவு குறைவாக இருக்காது, 65 ஆக இருக்கும்" என்று தானாகத் திருத்துவது. செய்ய வேண்டியது, மூல மதிப்பை அப்படியே விட்டு, பக்கத்தில் அலகுக்கு ஒரு நெடுவரிசை, சந்தேகத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, மேலே உள்ளவரிடம் கேட்பது. நல்ல மென்டர் முதல் வாரத்திலேயே இதைப் பிடித்துச் சொல்லிவிடுவார். மென்டர் இல்லாத இடத்தில் அந்த 65 கடைசி வரை அப்படியே போகும்.

அடுத்த கண்ணி தேதி. கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும்; 13/04/2025ஐ மாற்ற முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். நெடுவரிசையில் பாதித் தேதிகள் இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. வருடம், மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றி வாங்குவதுதான் வழி. நோயாளியின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க அடையாள எண்ணான ஆபா எண்ணும் இப்படித்தான். இடையில் கோடு போட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளும். கோடு இல்லாமல் சிஎஸ்வி ஃபைலில் (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) வந்து, அதை எக்செல்லில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்து சேவ் செய்தால், 9.11235இ+13 என்பது போல் சுருங்கி, பின் இலக்கங்கள் போயே போய்விடும். ஃபைலை நேராகத் திறக்காமல் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று குறித்துவிட வேண்டும்.

உண்மையான ஆபா எண்ணோ, பெயரோ, போன் நம்பரோ ஒரு இன்டர்ன் கைக்கு வரவே கூடாது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. நோயாளி ஷீட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் நிறுவனம் எவ்வளவு ஸ்டைபண்ட் கொடுத்தாலும் விலகிக்கொள்வது நல்லது. பெயரை அழித்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு. அந்தியூர் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரின் பெயர், வயது, அரிதான ஒரு நோய், இந்த மூன்றும் ஒரே வரியில் இருந்தால் ஊர்க்காரர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். ஊருக்குப் பதில் மாவட்டம், பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு என்று மாற்றிக் கொடுக்கிற நிறுவனம் விவரம் தெரிந்த நிறுவனம்.

கோடிங் வேலையில் சேருபவர்களுக்கு எஃப்ஹெச்ஐஆர் (மருத்துவத் தரவை ஒரே வடிவில் எழுதுவதற்கான தரநிலை) கற்கும் வாய்ப்பு கிடைத்தால் விடக் கூடாது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் மருத்துவப் பதிவுகளைப் பரிமாற இந்தத் தரநிலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே கற்றது அடுத்த நிறுவனத்திலும் செல்லும். எல்லாரும் இடறும் இடம் ரத்த அழுத்தம்: "130/80" என்று ஒரே சரமாகப் போட்டுவிடுவார்கள், அல்லது தனித்தனியாக இரண்டு பதிவாக்கிவிடுவார்கள். ஒரே அப்சர்வேஷனுக்குள், அதாவது ஒரே அளவீட்டுப் பதிவுக்குள், மேல் அளவு, கீழ் அளவு என்று இரண்டு கூறுகள் வர வேண்டும். இதைக் கோட் ரிவ்யூவில் ஒருவர் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரியும். சொல்ல ஆளில்லாவிட்டால் டெமோ அன்றைக்கு உடையும். ரிவ்யூ வேண்டும் என்றால் புல் ரெக்வெஸ்டையும் (எழுதிய கோடைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) சின்னதாக அனுப்ப வேண்டும். வாரக் கடைசியில் ஆயிரம் வரியைக் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நோயாளிகள் பேசிய ஆடியோவைக் கேட்டு அறிகுறிகளுக்கு லேபிள் போடும் வேலையில் நம் பிள்ளைகளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. "நெஞ்சு கரிக்குதுங்க" என்றால் அது நெஞ்செரிச்சல் என்று இங்கே பிறந்தவருக்குத் தெரியும். இதை நெஞ்சுவலிக் கணக்கில் சேர்த்துவிட்டால் அவசர எச்சரிக்கை தப்பாக அடிக்கும். அதற்காக அறிகுறியிலிருந்து நோயை யூகித்து லேபிள் போடக் கூடாது. சொன்னதை மட்டும் குறிக்க வேண்டும். ஒரே ஆடியோவை இரண்டு பேருக்குக் கொடுத்து லேபிள்களை ஒப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். ஒப்பிடாத இடத்தில் உங்கள் தப்பு உங்களுக்கே தெரிய வராது.

எது வந்தாலும் செய்யக் கூடாத வேலை ஒன்று: ஆப்பின் சாட்டில் உட்கார்ந்து நோயாளிக்கு ஆலோசனை சொல்வது. 2020 மார்ச்சில் வெளியான டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் அதைச் செய்யலாம். ஏஐ மென்பொருள்கூட நேரடியாக ஆலோசனையோ மருந்தோ சொல்லக் கூடாது. "ஸ்கிரிப்ட் இருக்கு, பார்த்து அனுப்பினா போதும்" என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மார்க்கெட்டிங் இன்டர்ன்ஷிப் என்று சேர்த்து, இத்தனை டவுன்லோட் கொண்டுவா என்று டார்கெட் வைப்பதும், சேரவே பதிவுக் கட்டணம் கேட்பதும் தேறாத ரகம். நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வீட்டிலிருந்து செய்வதில் நம் பக்கத்துச் சிக்கல்கள் தனி. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறிக்குடோன் ஓடும். லேப்டாப்பின் சொந்த மைக்கில் பேசினால் தறிச் சத்தம்தான் எதிர்முனைக்குப் போகும். வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஒயர் ஹெட்செட் வாங்கிவிடுங்கள், பேசாத நேரம் மியூட். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அதைப் பார்த்து முதல் நாளே குழுவில் எழுதிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் காணாமல் போவதுதான் பெயரைக் கெடுக்கும். காலை 10 மணி ஸ்டாண்ட்அப் (குழுவின் தினசரிச் சிறு கூட்டம்) கல்லூரி நாட்களில் ஒத்துவராது. மாலைக்கு மாற்ற முடியுமா என்று சேரும்போதே கேட்டு மெயிலில் வாங்கி வையுங்கள். முடியாதென்றால் செமஸ்டர் லீவில் மட்டும் சேருங்கள்.

ஆஃபர் லெட்டருக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த நாலு கேள்வியும் மெயிலில் போகட்டும்: என் வேலையை யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை முறை? கடைசியில் என் கையில் என்ன வெளியீடு இருக்கும்? எந்தத் தரவைத் தொடுவேன், பெயர் நீக்கியதா? ஸ்டைபண்ட் எந்தத் தேதியில் வரும்? முதல் கேள்விக்கு ஒருவர் பெயர் பதிலாக வந்தால் சேரலாம். "டீம் பாத்துக்கும்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கல்லூரி கிரெடிட்டுக்கு, தொடக்க, முடிவுத் தேதிகள், மொத்த மணி நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து மூன்றும் சான்றிதழில் வேண்டும். முடிந்த பிறகு துரத்தினால் அந்த மேற்பார்வையாளர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். எழுதிய கோடும் ஷீட்டும் நிறுவனத்தின் சொத்து. இன்டர்வியூவில் காட்ட வேண்டுமானால், நோயாளித் தரவை நீக்கிப் பொய்த்தரவு போட்ட ஒரு பிரதிக்கு, உங்கள் நிறுவன லாகின் கணக்கை மூடுவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.