பாட்டில் கிளீனரா, கழற்றிக் கழுவுவதா?

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஊர்ந்து போகும் காரின் இன்ஜினுக்குள் கரி படிவது சகஜம். அதற்கு டேங்கில் கிளீனர் ஊற்றலாம், அல்லது மெக்கானிக்கிடம் விடலாம்.

பாட்டில் வாங்கினால் அதில் பாலிஈதர்அமீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையிலும் எரி அறையிலும் ஒட்டிய படிவை நன்றாகக் கரைப்பது அதுதான். முதலில் அதை ஊற்றி, பிறகு பெட்ரோல் நிரப்பினால் நன்றாகக் கலந்துவிடும். செலவும் குறைவு. ஆனால் பெட்ரோல் போகும் வழியை மட்டும்தான் அது தொடும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் போவது வெறும் காற்று. என் காரில் இரண்டு பாட்டில் ஊற்றியும் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, நடுக்கம் நிற்கவில்லை. தண்டையார்பேட்டையில் திராட்டில் பாடியைத் துடைத்த அன்றே நின்றது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வையும் பாட்டில் எட்டாது.

இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினால் செலவு அதிகம், காரையும் விட்டுவர வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் எப்படிப் பீய்ச்சுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

லேசான நடுக்கம் என்றால் முதலில் பாட்டில். ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் நேராக மெக்கானிக்தான். கோளாறு ஸ்பார்க் பிளக்கிலோ இக்னிஷன் காயிலிலோகூட இருக்கலாம்.