ருஷ்ய பாலே சுவரொட்டிகளின் மறுபதிப்பு: படம் இருக்கிறது, எழுத்து எங்கே?

கடற்கரை ஊரான மண்டபத்தில் நான் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கும் கூடத்தின் வெறுஞ்சுவருக்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்ய பாலே குழு ஐரோப்பிய நகரங்களில் ஒட்டிய சுவரொட்டிகளின் மறுபதிப்புத் தொகுப்பு ஒன்றை இணையக் கடையொன்றில் வாங்கினேன். ஏ2 அளவில் நான்கு படங்கள். தபால் செலவு உட்பட 2,600 ரூபாய். தாளும் அச்சும் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. ஆனால் தொகுப்பைத் தயாரித்தவர்கள் சுவரொட்டியை வெறும் ஓவியமாகவே பார்த்திருக்கிறார்கள். அதில் எழுத்தும் சரிபாதி என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. இதுவே என் முதன்மையான குறை.

பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒட்டப்படும் நாடக நோட்டீஸின் முன் நிற்பவர்கள், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், எந்த ஊர்த் திடல், எந்த இரவு என்றுதான் முதலில் தேடுவார்கள். முகங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். 1909இல் பாரிஸ் தெருவில் நின்றவரின் தேவையும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அரங்கின் பெயரும் தேதியும் இல்லாத சுவரொட்டி யாரையும் எங்கும் அழைப்பதில்லை.

தொகுப்பின் முதல் படத்திலேயே இந்தக் கோளாறு தெரிகிறது. அந்தக் குழுவின் அமைப்பாளர் செர்கெய் தியாகிலெவ் 1909 மே, ஜூன் மாதங்களில் பாரிஸின் ஷாட்லே அரங்கில் நடத்திய முதல் ருஷ்ய பாலே பருவத்துக்காக (தொடர் நிகழ்ச்சிகளுக்காக) வாலன்டின் செரோவ் வரைந்த சுவரொட்டி இது என்று உறை சொல்கிறது. ஷொப்பேனின் இசைக்கு நடன அமைப்பாளர் ஃபோகின் அமைத்த ‘லே சில்ஃபீட்’ ஆட்டத்தின் உடையில், நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா நுனிக்காலில் நிற்கும் பக்கவாட்டுத் தோற்றம்; நீலமும் சாம்பலும் கலந்த பின்னணியில் கரிக்கோடும் சுண்ணக்கோடும் தவிர வேறொன்றும் இல்லை. கழுத்திலிருந்து பின்னங்கால் வரை ஓடும் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, உடலின் பாரம் எங்கே தாங்கப்படுகிறது என்று கேட்டுப் பாடம் நடத்தலாம். அவ்வளவு சிக்கனமான வரைவு. ஆயினும் கடைக்காரர் அனுப்பியது, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ருஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கும் செரோவின் மூல ஓவியத்தின் நகல். அந்த ஓவியத்திலிருந்து கல்லச்சில் ஆக்கி, அரங்கின் பெயரும் பருவமும் சேர்த்துச் சுவர்களில் ஒட்டப்பட்ட சுவரொட்டி வேறு. ஆளுயரத்தை மிஞ்சிய அந்தத் தாளை ஏ2 அளவுக்குச் சுருக்குவதில் எனக்கு வருத்தமில்லை, வகுப்புச் சுவர் அவ்வளவுதான். எழுத்தே இல்லாத ஒன்றைச் சுவரொட்டி என்று விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தச் சுவரொட்டியின் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுவரெங்கும் பாவ்லோவாவின் உருவம் இருக்க, அவரோ பருவம் தொடங்கிச் சில நாட்கள் கழித்துத்தான் பாரிஸ் வந்து சேர்ந்தார். அதற்குள் நகரம் குழுவின் மற்ற ஆட்டக்காரர்களான நிஜின்ஸ்கியையும் கர்சாவினாவையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. பின்னர் தனிக்குழு அமைத்துக்கொண்டு உலகம் சுற்றிய பாவ்லோவா, 1922ஆம் ஆண்டின் கீழைநாட்டுப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். 1928இல் மறுபடி வந்தபோது அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி, அவரது குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றதும், உன் நாட்டு ஆட்டத்தைத் தேடு என்ற பாவ்லோவாவின் தூண்டுதலால் பரதத்தின் பழைய வடிவமான சதிர் பக்கம் திரும்பியதும், 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதும் பரதம் கற்றவர்கள் அறிந்த வரலாறு. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியின் வழியாக இந்தப் பாவ்லோவா எங்கள் கூடத்துக்கு ஒரு வகையில் உறவுக்காரர். நான் இந்தத் தொகுப்பைத் தேர்ந்ததும் அதனால்தான்.

இரண்டாம், மூன்றாம் படங்கள் ழான் காக்தோ வரைந்த ஜோடி. 1911 ஏப்ரலில் மோன்டே கார்லோவில் முதன்முதலாக ஆடப்பட்ட ‘ரோஜாவின் ஆவி’ என்ற சிறு பாலேயில், நடன விருந்தில் இருந்து திரும்பி நாற்காலியில் உறங்கும் பெண்ணாகக் கர்சாவினாவும், அவள் கையில் இருந்த ரோஜாவின் ஆவியாக நிஜின்ஸ்கியும் தோன்றினார்கள், ஆளுக்கொரு சுவரொட்டி. அப்போது காக்தோவுக்கு வயது 21. அழுத்தமான புறக்கோடு, உள்ளே ஏற்ற இறக்கமில்லாத தட்டை நிறம் என்ற இந்த முறை, இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்த்துப் பழகிய எங்கள் ஊர்க் கண்களுக்குப் புதிதன்று. இந்த இரண்டிலும் எழுத்தை விட்டுவைத்திருக்கிறார்கள், அதுவரை மகிழ்ச்சி. ஆனால் ஓரத்தில் 1911 என்று குறிப்பிட்டுவிட்டு, ஷான்ஸெலிஸே அரங்கின் பெயர் தாங்கிய பதிப்பை அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அரங்கம் திறக்கப்பட்டதே 1913இல். காக்தோவின் அதே படங்களை, கீழிருந்த எழுத்தை மட்டும் மாற்றி, அந்த ஆண்டுப் பருவத்துக்கு மீண்டும் பயன்படுத்தினார்கள் என்பதே உண்மை. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. எழுத்தைப் படித்தவருக்கு நடுவில் இரண்டு ஆண்டுகளும் இரண்டு நகரங்களும் இருக்கின்றன. இதைக் குறிப்பிட்டு எழுதியதற்கு, ‘படம் சரியாகத்தானே வந்திருக்கிறது?’ என்று விற்பனையாளரிடமிருந்து பதில் வந்தது.

நான்காவது, 1912இல் ஆடப்பட்ட ‘ஒரு ஃபானின் பிற்பகல்’ (ஃபான் என்பது பழங்கதைகளில் வரும் பாதி ஆடு, பாதி மனித உருவம்) பாலேக்காக லேயோன் பாக்ஸ்ட் வரைந்த நிஜின்ஸ்கி. இது அந்தப் பருவத்து நிகழ்ச்சிக் கையேட்டின் அட்டையாக வந்த ஓவியம். இதையும் சுவரொட்டி என்றே சேர்த்திருக்கிறார்கள். படம் என்னவோ அருமையானது, துணியின் நெளிவு கண்ணை இழுக்கிறது. தொகுப்பில் இதற்கு இடமில்லை.

அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூலச் சுவரொட்டிகள் கல்லச்சில் ஆனவை: எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாது என்ற குணத்தை வைத்துக் கல்லின் மேல் வரைந்து, நிறத்துக்கொரு கல்லாக அடுத்தடுத்து ஒற்றி எடுப்பது. அதனால் கோட்டில் கல்லின் சொரசொரப்பு தெரியும். இப்போதைய மறுபதிப்பு இங்க்ஜெட்டில் அடித்தது; காக்தோவின் தட்டை நிறங்கள் அதில் நன்றாகவே வந்திருக்கின்றன, செரோவின் கரிக்கோடோ சற்று வழவழத்துப் போயிருக்கிறது. பின்னணியின் சாம்பல் நீலமும் பச்சைப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னொன்று: பிரான்சில் வெள்ளைத் தாள் அரசு அறிவிப்புகளுக்கு என்று சட்டப்படி ஒதுக்கப்பட்டிருந்ததால், தனியார் சுவரொட்டி ஒட்டுபவர்கள் நிறத்தாளையோ நிறப் பின்னணியையோ நாட வேண்டியிருந்தது. இந்தத் தொகுப்பிலோ நான்கு படங்களுக்கும் சுற்றிலும் இரண்டு விரற்கடை வெள்ளை விளிம்பு விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சாயலே அதனால் போய்விடுகிறது. ஃபிரேம் போடும்போது அந்த விளிம்பைப் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்குள் மறைத்துவிட்டேன். தாளின் கனம் 250 ஜி.எஸ்.எம்., பளபளப்பில்லாத மேட். ட்யூப் லைட் வெளிச்சம் அடித்துத் திரும்பவில்லை.

கடற்கரை ஊரில் தாள் படம் மாட்டுவது தனிப் பாடு. ஃபிரேமுக்கு இராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் படத்தின் மேல் நேராக வைத்து அடைத்தால் செலவு குறையுமே என்று நான் கேட்டபோது, கடைக்காரர், “டீச்சர், கண்ணாடி தாள்மேல படவே கூடாது. நம்ம ஊரு காத்துக்கு ரெண்டு மழையில ஒட்டிக்கிடும், அப்புறம் பிரிச்சா மையும் சேர்ந்து வந்துரும்” என்றார். “பாய், அப்ப நீங்க சொல்றபடியே போடுங்க” என்று விட்டுவிட்டேன். மவுண்ட் அட்டையால் இடைவெளி கொடுத்து, பின்புறம் ஈரத்தில் உப்பும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் தகடு வைத்து, ஓரங்களை டேப்பால் மூடி, சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்று போக மூலைக்கொரு ரப்பர் துண்டு ஒட்டிக் கொடுத்தார். இரும்பு ஆணி இங்கே ஓராண்டு தாங்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியையும் அவரே எடுத்து வைத்தார். ராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. ஃபிரேம் செலவு படங்களின் விலையைத் தாண்டிவிட்டது என்பதை வாங்க நினைப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காக்தோவின் ஜோடியைத் தனியாகவும் விற்கிறார்கள். வாங்குவதானால் அதை மட்டும் வாங்கலாம், ஓரத்தில் உள்ள ஆண்டை 1913 என்று திருத்திப் படித்துக்கொண்டால் போதும். செரோவை விரும்புபவர்கள், விற்பனைப் பக்கத்தில் காட்டும் படத்தில் அரங்கின் பெயர் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. எதை வாங்கினாலும் ஐப்பசி மழைக்கு முன்பே ஃபிரேம் போட்டுவிட வேண்டும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் தாள் ஈரத்தை இழுத்து ஓரங்களில் நெளிந்துவிடும், பிறகு மவுண்டில் படியாது.