என்விடிஏ: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை – பேசாத பட்டனும் படிக்காத எழுத்துருவும்

விண்டோஸ் ஸ்க்ரீன் ரீடர்களில் (பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள்) காசு கொடுக்காமல் முழுநாள் வேலைக்கு நம்பி உட்காரக்கூடியது என்விடிஏ. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கியது. பைத்தானும் சி பிளஸ் பிளஸ்ஸும் கலந்த திறமூல மென்பொருள். இன்னொரு ஸ்க்ரீன் ரீடரான ஜாஸ் இதைவிட மூத்தது, சில இடங்களில் கெட்டிக்காரத்தனமும் கூட. ஆனால் உரிமம் வாங்காமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மறுபடி தொடங்கினால்தான் மீண்டும் பேசும். மாணவருக்கும் வேலை தேடுபவருக்கும் அந்த 40 நிமிடம் எந்த மூலைக்கும் போதாது.

அன்றாடம் பயன்படுத்தினால் ஒன்று பிடிபடும். என்விடிஏ வாயடைத்துப்போகும் இடங்களில் கோளாறு பெரும்பாலும் அதனிடம் இருப்பதில்லை. அது திரையைக் கண்ணால் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை; ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிடம் கேட்கிறது. இப்போது ஃபோகஸ் (விசை அழுத்தினால் அது போய்ச் சேரும் இடம்) எதில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, அது பட்டனா செக்பாக்ஸா, டிக் இருக்கிறதா இல்லையா என்று. இந்தக் கேள்வி பதிலுக்கு விண்டோஸில் உள்ள வழிகள் 1997இல் வந்த எம்எஸ்ஏஏ, அதற்குப் பின் வந்த யூஐ ஆட்டோமேஷன், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவை பயன்படுத்தும் ஐஆக்சசிபிள்2. மென்பொருள் பதில் சொன்னால் என்விடிஏ பேசும். சொல்லாவிட்டால் "பட்டன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும், அல்லது அதுவும் வராது.

முதலில் குரல். விண்டோஸ் 10, 11 கணினிகளில் என்விடிஏ தானாக எடுத்துக்கொள்வது விண்டோஸின் சொந்தக் குரல்களான ஒன்கோர் குரல்களை. ஆங்கிலக் குரல் மட்டும் இருக்கும் கணினியில் தமிழ் வரிகளை அது மௌனமாகத் தாண்டிப் போகும். புதியவர்கள் ஃபைலே காலி என்று நினைத்துவிடுவார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் நேரமும் மொழியும் பகுதிக்குள் பேச்சு என்பதில் தமிழ்க் குரலைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற ஆண் குரல் வரும். கேட்க இதமானது, நீண்ட கட்டுரை படிக்க நல்லது. ஆனால் ஆங்கில மெனுவும் தமிழ் உரையும் மாறி மாறி வரும் அலுவலக வேலைக்கு என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ஜிதான் கைகொடுக்கும். தமிழ்க் குரலை வைத்திருந்தாலும் ஆங்கிலச் சொற்களை ஆங்கிலமாகவே சொல்லும். வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் எழுத்து சிதையாது. இயந்திரக் குரல்தான், முதல் வாரம் காதைக் குடையும். இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சிந்தசைசரை, அதாவது குரல் தரும் மென்பொருளை, மாற்றலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு, வேலைக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று என்று பழகுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

உச்சரிப்பைத் திருத்தப் பேச்சு அகராதி உண்டு. "ரூ." என்பதை "ரூபாய்" என்று படிக்க வைப்பது போன்றவற்றுக்கு. இதில் தமிழுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 'முழுச்சொல்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், புள்ளியிலோ கால், கொம்பு போன்ற குறிகளிலோ முடியும் சொற்களுக்கு விதி வேலை செய்யாமல் போகலாம். பைத்தானின் தேடல் முறை அந்தக் குறிகளை எழுத்தாகக் கணக்கில் எடுக்காததால் சொல் எங்கே முடிகிறது என்பதில் குழம்பிவிடுகிறது. 'எங்கும்' என்ற வகையை வைத்து, சொல்லுக்கு முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி எழுத்துரு. தமிழ்ப் பயனருக்கு மிகப் பெரிய தலைவலி இதுதான். கண்ணுக்குத் தெளிவாக "தமிழ்" என்று தெரியும் கோப்பை என்விடிஏ "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படித்தால் அது பாமினியில் தட்டியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்க்ரீன் ரீடருக்கு உருவம் தெரியாது, உள்ளே இருக்கும் எண் மட்டுமே தெரியும்.

சந்தேகம் வந்தால் எண்ணையே கேட்டுவிடலாம். நம்பர் பேடில் 2ஐ விரைவாக மூன்று முறை அழுத்தினால் அப்போதைய எழுத்தின் எண்ணைச் சொல்லும் (லேப்டாப் அமைப்பில் கேப்ஸ் லாக்கும் முற்றுப்புள்ளியும்). "த" என்ற இடத்தில் 2980 என்று வந்தால் யூனிகோடு, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எண் குறியீடு. 2944 முதல் 3071 வரை தமிழின் வீடு. அதே இடத்தில் 106 என்று வந்தால் அது ஆங்கில 'ஜே', பாமினி வகை. 128க்கும் 255க்கும் இடையில் என்றால் திஸ்கி போன்ற எட்டு பிட் குறியீடாக இருக்கலாம். 57344க்கு மேல் வந்தால் தனிப்பயன் பகுதி, அதாவது தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16ஆக இருக்க வாய்ப்புண்டு. அச்சுக்கு எப்படியோ, பேச்சுக்கு அது உதவாது.

எந்தக் குறியீடு என்று தெரிந்துவிட்டால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி அரை நிமிட வேலை. ஒன்றில் மட்டும் கவனம். ஆங்கிலமும் பாமினியும் கலந்த வேர்டு கோப்பை மொத்தமாக மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் உளறல் தமிழாகிவிடும். பகுதி பகுதியாக வெட்டி மாற்றுவதே வழி.

பிடிஎஃப் இன்னொரு வகைச் சிக்கல். யூனிகோடில் தட்டிய கோப்பாகவே இருந்தாலும், பிடிஎஃப் ஆகும்போது எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்துவிடுவதுண்டு. "கொடி" என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் என்று தனித்தனியாக நிற்கும். என்விடிஏ அப்படியே படித்துக் கடித்துக் குதறும். அனுப்புபவரிடம் மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவது எந்தச் சரிக்கட்டலையும்விட வேகமானது. ஸ்கேன் செய்த பக்கமென்றால் இன்சர்ட்டும் ஆரும் அழுத்தி விண்டோஸின் ஓசிஆரை (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் வசதி) ஓட்டலாம் என்று கையேடு சொல்லும். ஆங்கிலத்துக்குச் சரி, அந்த ஓசிஆர் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழுக்கு டெஸராக்ட் போன்றவற்றைத் தனியாக நிறுவ வேண்டும்.

தட்டச்சிலும் ஒரு கண்ணி. விசைகளை இடைமறித்துத் தமிழாக மாற்றி அனுப்பும் மென்பொருளோடு சில நேரம் எழுத்து இரட்டிக்கும், விழுங்கப்படும். என்விடிஏ செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் 'பிற செயலிகளின் விசைகளைக் கையாள்' என்ற பொருளில் ஒரு செக்பாக்ஸ் உண்டு. அதன் டிக்கை எடுத்துப் பாருங்கள். வியட்நாமிய யூனிகீ பயனர்களுக்காக என்விடிஏ கையேடே சொல்லும் யோசனை இது.

மென்பொருள்களுக்கு வருவோம். வேர்டு, எக்செல், ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், நோட்பேட் பிளஸ் பிளஸ் எல்லாம் நாள் முழுக்கப் பயன்படுத்தலாம். வம்பு வருவது சிறிய நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட பில்லிங், வருகைப்பதிவு, கணக்கு மென்பொருள்களில். அதிலும் விஷுவல் பேசிக் 6 காலத்தவை ஒரு தனி ரகம். சாதாரண விண்டோஸ் படிவத்தில் ஒரு பெட்டிக்கு முன்னால் உள்ள லேபிளையே அதன் பெயராக எம்எஸ்ஏஏ எடுத்துக்கொள்ளும். விபி6இல் லேபிள் என்பது தனி விண்டோ அல்ல. படிவத்தின் மேல் வரைந்த எழுத்து. அதனால் வாடிக்கையாளர் பெயர், தேதி, தொகை என்று பத்துப் பெட்டி இருந்தாலும் பத்துக்கும் "எடிட்" என்றுதான் வரும். இதற்கு மேல் பட்டன் தலைப்புகள் பாமினியில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: "சேமி" பட்டன் "என் ஆர் கே பி பட்டன்" என்று ஒலிக்கும். விந்தை என்னவென்றால், அதையே மனப்பாடம் செய்து வேலை பார்க்க முடியும். முடிகிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

இப்படிப்பட்ட திரையில் தப்பிக்க மூன்று வழி, இதே வரிசையில் முயலுங்கள். முதலாவது ஆப்ஜெக்ட் நேவிகேஷன்: இன்சர்ட்டோடு நம்பர் பேடின் 8 மேலே, 2 உள்ளே, 4ம் 6ம் பக்கவாட்டில். டேப் போகாத பட்டன்களை இது பல நேரம் கண்டுபிடிக்கும்; இன்சர்ட்டும் நம்பர் பேட் என்டரும் அழுத்தினால் அது இயங்கும். இரண்டாவது ஸ்க்ரீன் ரிவ்யூ: இன்சர்ட்டும் நம்பர் பேட் 7ம் அழுத்தி அந்த முறைக்குப் போனால், பழைய ஜிடிஐ முறையில் திரையில் வரையப்பட்ட எழுத்தை வரி வரியாகப் படிக்கலாம். மேலே சொன்ன விபி6 லேபிள்கள் இங்கே அகப்படும். புதிய முறையில் வரையும் மென்பொருளில் இது வெறுமையாக இருக்கும். மூன்றாவது கோல்டன் கர்சர் என்ற ஆட்-ஆன் (என்விடிஏவோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரல்): மவுஸ் நிற்க வேண்டிய இடத்தைப் பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம். விண்டோவின் அளவோ திரையின் ஸ்கேலிங் விழுக்காடோ மாறினால் சேமித்த இடமெல்லாம் தப்பிவிடும், ஆகவே எப்போதும் விண்டோவை மேக்ஸிமைஸ் செய்தே சேமிக்க வேண்டும்.

பைத்தான் தெரிந்தவருக்கு நான்காவதும் உண்டு. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஸ்க்ராட்ச்பேட் கோப்புறையை இயக்கி, அதற்குள் ஆப் மாட்யூல்ஸ் பகுதியில் அந்த மென்பொருளின் எக்ஸி கோப்பின் பெயரிலேயே ஒரு பைத்தான் கோப்பு போட்டால், பெயரில்லாத பெட்டிகளுக்கு நாமே பெயர் சூட்டலாம். இருபது முப்பது வரிகளில் ஒரு பில்லிங் திரையைப் பேச வைத்துவிட முடியும். உருவாக்கியவர் ஒரு நாளில் செய்திருக்க வேண்டிய வேலை என்ற எரிச்சல் கூடவே வரும்.

சின்னச் சின்ன விஷயங்கள். பென் டிரைவில் கொண்டுபோகும் போர்ட்டபிள் பிரதி வசதிதான், ஆனால் அட்மின் அனுமதி கேட்கும் திரையில் பேசாது, லாகின் திரையிலும் பேசாது. நிறுவிய கணினியில் லாகின் திரைக்குத் தமிழ்க் குரல் வேண்டுமென்றால் ஜெனரல் செட்டிங்ஸில் சேமித்த அமைப்புகளை அங்கும் பயன்படுத்தச் சொல்லும் பட்டனை ஒரு முறை அழுத்த வேண்டும். ப்ளூடூத் ஹெட்செட்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் விழுங்கப்பட்டால் ஆடியோ அமைப்பில், பேசி முடித்த பின்னும் ஒலிக்கருவியை விழித்திருக்க வைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். என்விடிஏ உறைந்துபோனால் கண்ட்ரோல், ஆல்ட், என். 2025.1 பதிப்பிலிருந்து தொலைவிலிருந்து உதவும் ரிமோட் வசதி உள்ளேயே வந்துவிட்டதால், தனி ஆட்-ஆன் தேவையில்லை.

மென்பொருள் எழுதுபவர்கள் இதைப் படித்தால்: சோதிக்க வாங்க வேண்டியது எதுவும் இல்லை. மவுஸைக் கழற்றிவிட்டு, என்விடிஏவின் டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவரைத் திறந்து வையுங்கள். பேசுவது எல்லாம் எழுத்தாகவும் வரும். டேப் அழுத்திக்கொண்டே போய் ஒரு பில் போட்டுச் சேமிக்க முடிகிறதா பாருங்கள். வெறும் "பட்டன்" என்று வரும் இடமெல்லாம் பிழை. வின்ஃபார்ம்ஸில் ஆக்சசிபிள்நேம், டபிள்யூபிஎஃப்பில் ஆட்டோமேஷன்ப்ராப்பர்ட்டீஸ்.நேம், க்யூடியில் செட்ஆக்சசிபிள்நேம், லேபிளுக்கு செட்படி. ஒரு பெட்டிக்கு ஒரு வரி. பெயரில் "பட்டன்" என்று சேர்க்காதீர்கள். "சேமி பட்டன் பட்டன்" என்று கேட்கும். சேமித்ததும் பச்சை நிறத்தில் ஒரு செய்தி தோன்றி மறைவது போதாது, ஃபோகஸாவது நகர வேண்டும், இல்லை அறிவிப்பு நிகழ்வாவது அனுப்ப வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஆக்சசிபிலிட்டி இன்சைட்ஸ் இலவசம், பெயரில்லாத கன்ட்ரோல்களைப் பட்டியலிட்டுவிடும்; டேப் வரிசை முட்டாள்தனமாக இருப்பதை அது முழுதாகச் சொல்லாது, அதற்குக் கைதான் வேண்டும். இந்த விசைப்பலகைச் சோதனை கை நடுக்கம் உள்ளவருக்கும், மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும் அப்படியே பொருந்தும்.

அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் விற்பவர்களுக்கு ஐஎஸ் 17802 என்ற அணுகல்தன்மைக்கான இந்தியத் தரநிலை இருக்கிறது. முதல் பகுதி 2021, இரண்டாம் பகுதி 2022. டெண்டரில் அந்த எண்ணைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

புகார் அனுப்பும்போது "உங்கள் மென்பொருள் பேசவில்லை" என்று எழுதினால் பதில் வராது. பேசாத பெட்டியில் நின்று இன்சர்ட்டும் எஃப்1ம் அழுத்துங்கள். அந்தப் பெட்டியின் பெயர், வகை, கிளாஸ் எல்லாம் லாக் வியூவரில் விழும். அதை வெட்டி ஒட்டி, என்விடிஏ பதிப்பு எண்ணையும் எந்தத் திரையில் எத்தனையாவது டேப் என்பதையும் சேர்த்து அனுப்பினால், பெயர் என்ற இடம் காலியாக இருப்பதை எழுதியவரே பார்த்துக்கொள்வார்.