மகனை மறந்துவிட்ட பழிவாங்கல்: ‘கோல்ட் பர்சூட்’ விமர்சனம்

பனி மூடிய மலையூருக்குச் செல்லும் பாதையைத் திறந்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தகப்பன், தன் மகனைக் கொன்றவர்களைத் தேடிப் புறப்படுகிறார் என்ற கதைச் சுருக்கமே, ஏற்காடு அடிவாரத்தில் வசிக்கும் என்னை 2019-இல் வெளியான ‘கோல்ட் பர்சூட்’ படத்தின் பக்கம் இழுத்தது. அடைமழைக் காலத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது மண் சரிந்துவிட்டால், ஜேசிபி வந்து பாறையைத் தள்ளும் வரை மலையேறும் வண்டிகளெல்லாம் அப்படியே நின்றுவிடும். பாதையைத் திறந்துவிடும் மனிதரின் அருமை எங்கள் பக்கத்து மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

நார்வே நாட்டு இயக்குநர் ஹான்ஸ் பெட்டர் மோலண்ட், ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கார்டை வைத்து 2014-இல் தாம் எடுத்த படத்தையே அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதிக்கு மாற்றி மீண்டும் எடுத்திருக்கிறார். லியாம் நீசன் ஏற்றிருக்கும் நெல்ஸ், ஊரின் சிறந்த குடிமகன் என்று விருது பெற்ற சூட்டோடு, மகன் கைல் போதை ஊசியால் இறந்துபோன செய்தியைக் கேட்கிறார்.

அடுத்து வரும் பிணவறைக் காட்சி அபாரமானது. கீழ்த்தட்டில் கிடத்தப்பட்டிருக்கும் உடலைப் பெற்றோரின் கண்மட்டத்துக்குக் கொண்டுவர, ஊழியர் மிதியை அழுத்தி அழுத்தி மேடையை உயர்த்துகிறார். அது கிறீச்சிட்டபடி அங்குலம் அங்குலமாக மேலே வரும் வரையில், பெற்றவர்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கு அவர்களுடைய துக்கம் ஒரு பொருட்டே அல்ல என்பதை வசனமே இல்லாமல் உணர்த்தும் இயக்குநரால், மிகப் பெரிய படத்தைத் தந்திருக்க முடியும்.

ஆனால் படம் அந்தப் பிணவறையோடு துக்கத்தைக் கைகழுவிவிடுகிறது. துப்பாக்கியை வாயில் வைத்துக்கொண்ட நெல்ஸ், அது கொலை என்று மகனின் நண்பன் சொல்லக் கேட்டதும், ஒரே நொடியில் கைதேர்ந்த கொலைகாரராகிவிடுகிறார். மகனைக் கொன்ற போதைப்பொருள் கும்பலின் ஆட்களை ஒவ்வொருவராகக் கொன்று, உடல்களைக் கம்பிவலையில் சுற்றி அருவியில் தள்ளுகிறார். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் திரை இருண்டு, இறந்தவரின் பெயரும் பட்டப்பெயரும் மதச்சின்னத்தோடு தோன்றுகின்றன. முதல் இரண்டு முறை புன்னகை வருகிறது. அதன் பிறகு, எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் நமக்கு வேலை. சாவைச் சிரிப்பாக்கும் படங்களை நான் வெறுப்பவனல்லன். ஒரு பிள்ளையின் சாவை மட்டும் நாம் நெஞ்சில் சுமக்க வேண்டும், மற்ற சாவுகளுக்கெல்லாம் சிரிக்க வேண்டும் என்று ஒரே படம் கேட்கும்போது, கைலின் மரணமும் அந்தப் பட்டியலில் ஒரு பெயராகக் கரைந்துபோகிறது என்பதே என் வருத்தம். அவன் எப்படிப்பட்ட பிள்ளை, அப்பாவோடு என்ன பேசுவான் என்பதைக்கூட நாம் அறிவதில்லை.

தாய்க்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய அநியாயம். லாரா டெர்ன் போன்ற நடிகையை அழைத்துவந்து, சில காட்சிகளிலேயே வீட்டை விட்டு வெளியேற்றிவிடுகிறார்கள். பெற்ற வயிற்றின் வேதனையை விட்டுவிட்டு, உணவு ஒழுக்கம் பற்றி மகனுக்கு ஓயாமல் உபதேசிக்கும் வைக்கிங் என்ற அந்தக் கும்பல் தலைவனின் கோமாளித்தனத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. வைக்கிங்காக வரும் டாம் பேட்மேனின் நடிப்பு முழுவதும் கூச்சல்தான்.

இத்தனைக்கும் நல்ல கதை படத்துக்குள்ளேயே இருக்கிறது. டாம் ஜாக்சன் நடித்திருக்கும் ஒயிட் புல் என்ற பழங்குடிக் கும்பல் தலைவரும் தம் மகனைப் பறிகொடுத்தவர்; மகனுக்கு மகன் என்று அவரும் வைக்கிங்கோடு கணக்குத் தீர்க்க வருகிறார். இந்த இரண்டு தகப்பன்மார்களை முன்பே எதிரெதிரே உட்காரவைத்திருந்தால், பழிவாங்கலின் நியாயமும் அநியாயமும் அவர்களுடைய முகங்களிலேயே தெரிந்திருக்கும். படமோ அவர்களைக் கடைசி நேரத்தில்தான் சந்திக்க வைக்கிறது.

தான் கடத்திவந்த வைக்கிங்கின் மகனைத் தூங்கவைக்க, பனி அகற்றும் வண்டிகளைப் பற்றி நெல்ஸ் கதைபோல வாசித்துக் காட்டும் காட்சியில் மட்டும் அந்தத் தகப்பன் மீண்டும் உயிர்பெறுகிறார். நீசனின் கரகரத்த குரல் அங்கே தணிந்து ஒலிக்கிறது. அதற்காகவும் பிணவறைக் காட்சிக்காகவும், வீட்டில் ஓய்வாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்க்கலாம்; காசு கொடுத்துப் பார்க்கும்படி நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.