வரைபடச் சாளரத்தைச் சேமித்து மீட்டல்: மேட்லாபில் எட்டாண்டு அனுபவம்

இயந்திரங்களின் அதிர்வுப் பதிவுகளை மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் வரைந்து பார்ப்பது என் அன்றாட வேலை. சாளரத்தை இழுத்து வைப்பதிலும் அளவு மாற்றுவதிலும் தினமும் நேரம் போனதால், அந்த அமைப்புகளைச் சேமித்து மீட்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, எட்டு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் சேவ்ஃபிக் கட்டளையையே நம்பினேன். அது சாளரத்தோடு வரைந்த தரவு முழுவதையும் கோப்பில் எழுதிவிடுவதால், நீண்ட பதிவுகளுக்குக் கோப்பு பெருத்துப் போகிறது. அமைப்பு மட்டும் வேண்டுமென்றால் தேவையான பண்புகளை ஒரு ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைப் பெயரிட்டு ஒன்றாக வைக்கும் மாறி) எடுத்து வைப்பதே சரி.

அப்படி எடுத்து வைத்த பிறகு ஒருநாள், மீட்ட சாளரம் திரையின் கீழ் இடது மூலையில் வெறும் தலைப்புப் பட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. அரை நாள் தேடிய பின் சாளரத்தின் இடம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சொல்லும் பொசிஷனை, சேமித்தபடியே அச்சிட்டுப் பார்த்தேன்: 0.1, 0.1, 0.5, 0.6. சேமித்த நேரத்தில் சாளரத்தின் யூனிட்ஸ் (அளவிடும் அலகு) நார்மலைஸ்டாக, அதாவது திரையளவின் விகிதமாக இருந்திருக்கிறது. புதிய சாளரம் பிக்சலில் திறந்ததால், திரையில் பாதி என்று நான் கருதிய அகலம் அரை பிக்சலாகிவிட்டது. பொசிஷனோடு யூனிட்ஸையும் சேமிக்க வேண்டும், மீட்கும்போது யூனிட்ஸை முதலில் எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றி எழுதிய நிரல்களை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இரண்டாவது திரையில் சேமித்த சாளரம் மடிக்கணினியில் மட்டும் வேலை செய்யும்போது கண்ணுக்கே தெரியாது. மீட்டதும் மூவ்குய் கட்டளைக்கு 'ஆன்ஸ்க்ரீன்' கொடுத்தால் திரும்ப வந்துவிடும். சாளரம் பெரிதாக்கியோ சுருக்கியோ இருக்கிறதா என்பதைச் சொல்லும், 2018ஏ பதிப்பில் வந்த விண்டோஸ்டேட்டைப் பொசிஷனுக்குப் பின்பே எழுதுகிறேன்.

என்னை அதிகம் வருந்த வைத்தது வேறொன்று. எல்லா வரைபடங்களுக்கும் பொதுவான ஜிரூட்டில் கோட்டுத் தடிமனின் இயல்பு மதிப்பை மாற்றிவிட்டு, முடிவில் 'ரிமூவ்' கொடுத்து நீக்கிவந்தேன். என் நிரலை ஓட்டிய சக பணியாளர் மேட்லாப் தொடங்கும்போது ஓடும் தம் ஸ்டார்ட்அப் கோப்பில் வைத்திருந்த தடிமனும் அதோடு அழிந்தது. இப்போது பழைய மதிப்பை முதலில் வாங்கி வைத்து, அதையே திருப்பி எழுதும் பொறுப்பை, நிரல் எப்படி முடிந்தாலும் ஓடும் ஆன்க்ளீன்அப்பிடம் விட்டிருக்கிறேன். நிரல் பிழையில் நின்றாலும், நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும், அவருடைய தடிமன் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது.