கார்மின் ஃபோர்ரன்னர் 255: சென்னை வியர்வையில் நாள்பட ஊறிய பிறகு

பேட்டரியை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2022 ஜூனில் இந்த வாட்ச் வெளிவந்தபோது, சும்மா கையில் கட்டியிருந்தால் 14 நாள், ஜிபிஎஸ் போட்டு ஓடினால் 30 மணி நேரம் தாங்கும் என்றார்கள். வாரத்தில் நாலைந்து ஓட்டம், ஒரு நீண்ட சைக்கிள் சவாரி, ஒன்றிரண்டு நீச்சல் என்று போகிற எனக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். ஞாயிறு ஓட்டம் முடித்துக் குளிக்கப் போகும்போது செருகிவிட்டு, டிபன் சாப்பிட்டு எழுந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். புதிதில் இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதற்கு மேல் பேட்டரிக்காகக் கூடுதல் காசு கொடுப்பது நம் மாதிரி ஆட்களுக்குத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். கோவாவில் 2019-லிருந்து நடக்கிற அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு (1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்) எட்டரை மணி நேரம்தான் கெடு. முழு அயர்ன்மேனுக்கே பொதுவாக 17 மணி நேரம். அறுபது மணி நேரம் ஜிபிஎஸ் ஓடும் வாட்சை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு பெசன்ட் நகரில் பத்து கிலோமீட்டர் ஓடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சந்தோஷம் அவர்களுக்கு.

நான் மேடை ஏறிப் பரிசு வாங்குகிற ஆள் இல்லை. கெடுவுக்குள் முடித்துவிட்டு மெடலோடு போட்டோ எடுத்துக்கொள்கிற கூட்டம். ஓட்டம் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம், சைக்கிள் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாமல்லபுரம் வரை, நீச்சல் வேளச்சேரி குளத்தில். இதற்கு முன் ஒரு மலிவு விலை ஃபிட்னஸ் பேண்ட் வைத்திருந்தேன். அதில் ஜிபிஎஸ் கிடையாது, போனைத் தூக்கிக்கொண்டே ஓட வேண்டும்.

திரையைப் பற்றி. கடையில் வைத்துப் பார்த்தால் இது தோற்றுப்போகும். ஆமோலெட் திரைகளுக்குப் பக்கத்தில் மங்கலாக, பழைய கால்குலேட்டர் மாதிரி இருக்கும். வெளிவந்தபோது 37,490 ரூபாய் விலை, இதற்கா என்று தோன்றும். ஆனால் இது வெளி வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் காட்டுகிற வகைத் திரை. முட்டுக்காடு பாலம் தாண்டி எட்டரை மணி வெயில் மூஞ்சியில் அடிக்கும்போது, ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலே வேகமும் துடிப்பும் படிக்க முடிகிறது. வெயில் ஏற ஏற எழுத்து பளிச்சென்று ஆகிறது. அடுத்த வருடமே ஆமோலெட் திரையோடு 265 வந்தது. பார்க்க அழகு, ஆனால் ஜிபிஎஸ் நேரம் 20 மணியாகக் குறைந்தது. எனக்கு மாறத் தோன்றவில்லை.

அதைவிட முக்கியம் பட்டன்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு, டச் கிடையாது. சென்னையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் முழங்கையிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிடும். நனைந்த விரலால் டச் ஸ்கிரீனைத் தேய்த்துத் தேய்த்து இன்டர்வலில் (வேகமாகவும் மெதுவாகவும் மாறிமாறி ஓடும் பயிற்சி) பத்து விநாடியைத் தொலைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வலப்பக்கக் கீழ் பட்டன்தான் லேப், அதாவது ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று குறிப்பது. நாளடைவில் கண் பார்க்காமலே கட்டைவிரல் அங்கே போய்விடுகிறது.

இனி விவகாரமான பகுதி, இதயத் துடிப்பு.

மணிக்கட்டில் துடிப்பு பார்க்கிற எல்லா வாட்சும், எந்த பிராண்டாக இருந்தாலும், ஒரே வழியில்தான் வேலை செய்கிறது. பச்சை விளக்கைத் தோலுக்குள் அடித்து, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. கை ஆடினால் ஒளியும் ஆடும். அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். பக்கத்தில் ஓடுபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே மெதுவாகப் போகிறோம், மூச்சு வாங்கவே இல்லை, வாட்ச் மட்டும் 172 என்கிறது. அடுத்த திரைக்குப் போய்க் காலடி எண்ணிக்கையைப் பார்த்தால் அதுவும் நிமிடத்துக்கு 172. இதயத்தை விட்டுவிட்டுக் காலை எண்ணிக்கொண்டிருக்கிறது! ஓடத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில்தான் இது அதிகம் நடக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே ஏற்றி, கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் பெருமளவு குறைகிறது. சைக்கிளில், அதுவும் ஈசிஆரின் ஒட்டுப்போட்ட இடங்களில் அதிர்வு சேரும்போது, இதுவும் போதாது.

நெஞ்சுப் பட்டைதான் தீர்வு. அது இதயத்தின் மின்சாரத் துடிப்பையே நேராகப் பிடிப்பது. புதுத் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே கம்பியில்லாமல் துடிப்பு காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. குளிர் நாட்டில் பட்டையை நனைத்துக் கட்டு என்பார்கள். நமக்கு அந்த வேலை இல்லை, வாசல் தாண்டுவதற்குள் நனைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அலசிக் காயப்போட வேண்டும். வியர்வை உப்பு சேரச் சேரத் துணி விறைத்து, துடிப்பு கண்டபடி தாவ ஆரம்பிக்கும்.

எந்த வாட்ச் வாங்கினாலும் முதலில் கை வைக்க வேண்டியது ஸோன் கணக்கில், அதாவது துடிப்பை லேசு முதல் கடினம் வரை பிரித்து வைக்கிற அடுக்குகளில். பெட்டியிலிருந்து எடுத்ததும் அது 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு இதுதான் என்று வைத்துக்கொள்ளும். அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலேகூட முன்பின் இருக்கும். உடம்பு நன்றாக இருக்கிற ஒரு நாளில் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 30 நிமிடம் தாக்குப்பிடிக்கிற உச்ச வேகத்தில் தனியாக ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுத்து, அதை வைத்து ஸோன்களைப் போட்டுக்கொள்வது எங்கள் குழுவில் வழக்கம். (நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.) எனக்கு அதன் பிறகுதான் 'ஈஸி ரன்' ஈஸியாகவே ஆனது.

துடிப்புக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் நம் ஊர். சென்னையில் பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு) பொய் சொல்லும். மார்கழியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்ற வேகத்தில் 140-க்குள் அடங்குகிற என் துடிப்பு, சித்திரையில் அதே வேகத்தில் 155-ஐத் தாண்டுகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், காலுக்கும் அனுப்ப வேண்டும், வியர்வையாகப் போனதில் ரத்தத்தின் அளவும் குறைந்திருக்கும், ஆக இதயம் கூடுதலாக அடித்துத்தான் ஆக வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே வழிந்து போகிறது, பாதி வீண். போன வருடம் இதே வேகத்தில் ஓடினோமே என்று மே மாதத்தில் பேஸைத் துரத்துபவர்கள் ஜூனில் ஓய்வெடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் கோடையில் திரையில் பேஸையே வைப்பதில்லை. துடிப்பு, தூரம், நேரம், அவ்வளவுதான்.

வாட்ச் இதைப் புரிந்துகொள்கிறதா என்றால், முக்கால்வாசி. 22 டிகிரிக்கு மேல் ஓடினால் வெப்பத்துக்குப் பழகிய அளவு என்று ஒரு சதவீதம் கணக்கிடும். மார்கழி, தை நீங்கலாக இங்கே விடியற்காலையிலேயே அதற்கு மேல்தான் என்பதால் எனக்கு அது வருடத்தின் பெரும்பகுதி உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெப்பநிலையைப் போன் வழியாகத்தான் வாங்குகிறது, ஆகவே ஆப்போடு தொடர்பில் இல்லையென்றால் அதுவும் கிடையாது. இவ்வளவு இருந்தும் கத்திரி வந்தால் வி.ஓ.2 மேக்ஸ் (உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பற்றிய கணிப்பு) இறங்குகிறது, கூடவே 'அன்புரொடக்டிவ்' (பயிற்சியால் பலனில்லை) என்று ஒரு பட்டமும் வந்து சேர்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "நாலு மணிக்கு எழுந்து வந்து ஓடுறவனை வீட்டுல திட்டுறது பத்தாதுன்னு இதுவும் திட்டுதே சார்." அந்தப் பட்டங்களைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவதுதான் சரி. பயிற்சித் திட்டத்தை அதை வைத்து மாற்றியவர்கள் யாரும் உருப்பட்டு நான் பார்க்கவில்லை.

தூக்கம், எச்ஆர்வி (துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) ஆகியவற்றையும் அதே தட்டில் வைக்க மாட்டேன். எச்ஆர்வி-க்கு முதல் மூன்று வாரம் இரவும் கழற்றாமல் கட்டியிருந்தால்தான் நம் வழக்கமான அளவு இது என்று பிடிக்கும். அப்புறம் அது சொல்வதில் விஷயம் இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு ரிசப்ஷன் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் காலை அறிக்கையில் சிவப்பு. காய்ச்சலுக்கு முந்தைய இரவுகளில் ஓய்வுத் துடிப்பு ஏழெட்டு ஏறியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஏறினால் அன்றைக்கு இன்டர்வலைத் தள்ளிப்போடுகிறேன்.

ஜிபிஎஸ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதில் இரட்டை அலைவரிசை உண்டு, சிக்னல் கட்டடத்தில் பட்டுத் தெறித்து வந்தாலும் குழம்பாது. மயிலாப்பூர் சந்துகளிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கம் கடலும் தலைக்கு மேல் திறந்த வானமுமாக இருக்கிற கடற்கரைச் சாலைக்கு எதற்கு? சாதாரண நிலையில் வைத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம்.

போட்டி நாளில் மட்டும் ஒன்று செய்யுங்கள். ஹாஃப் மாரத்தானை முடித்துவிட்டு "21.4 காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் உண்டு. முறைப்படி அளக்கப்பட்ட பாதையை, அளவு சரிபார்த்த சைக்கிளில் வளைவுகளை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். நாமோ தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, கூட்டத்தைச் சுற்றி, வளைவில் அகலமாகத் திரும்பி ஓடுகிறோம். அதனால் வாட்ச் காட்டும் பேஸ் எப்போதும் நிஜத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத் தெரியும். இரண்டு மணி நேர இலக்கு கிலோமீட்டருக்கு அந்த நாலைந்து விநாடிகளில்தான் போகும். ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் கையாலேயே லேப் அழுத்தினால் கணக்கு பாதையோடு ஒத்துப்போகும்.

நீச்சலுக்கு வந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். குளத்தின் நீளம் 25 மீட்டரா 50 மீட்டரா என்று நாம்தான் சொல்ல வேண்டும், கை வீச்சையும் சுவரில் திரும்புவதையும் வைத்து அது எண்ணிக்கொள்ளும். கோடை விடுமுறையில் குறுக்கே ஒரு சிறுவன் வந்து, நடுவில் நின்று மறுபடி கிளம்பினால் ஒரு நீளம் கூடுதலாக விழும். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் எதையும் எண்ணாது, அதற்குத் தனியாக டிரில் பகுதி இருக்கிறது, கையால் நிரப்ப வேண்டும். கோவளம் கடலில் ஜிபிஎஸ் கோடு கோணல்மாணலாகத்தான் வரும். தண்ணீருக்குள் சிக்னல் எட்டாது, கை மேலே வரும் அந்தக் கணத்தில்தான் பிடிக்க முடியும். மொத்த தூரத்துக்குக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் போட்டி) மோடுக்காகத்தான் நான் இதை எடுத்தேன். முந்தைய 245-ல் அது இல்லை. தண்ணீரிலிருந்து எழுந்து மணலில் ஓடும்போதே ஒரு லேப், நீச்சல் முடிந்து முதல் மாற்றம் தொடங்கும். ஹெல்மெட் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டியதும் இன்னொரு லேப், சைக்கிள் திரை வரும். அப்புறம் அதே மாதிரி ஓட்டம். மாற்றத்தில் ஏழு நிமிடம் எங்கே போனது என்பது அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிடும். என் விஷயத்தில், சாக்ஸில்.

ஆனால் ஓட்டம் மட்டும்தான் என்றால் இந்த மோடுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதே நிறுவனத்தின் 55, அல்லது 2024-ல் வந்த ஆமோலெட் 165 தாராளமாகப் போதும். ட்ரையத்லானும் வேண்டும், விலையும் கட்டுக்குள் வேண்டும் என்றால் கோரோஸ் பேஸ் 3-ஐயும் பாருங்கள், நைலான் பட்டையோடு 30 கிராம்தான், இது 49. மணிக்கட்டு சிறிதாக இருப்பவர்களுக்கு 255-லேயே 41 மில்லிமீட்டர் அளவில் எஸ் என்று ஒன்று உண்டு. பெரியதைச் சின்னக் கையில் கட்டினால் இடைவெளி விழுந்து துடிப்பு இன்னும் மோசமாக வரும், இது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை.

பராமரிப்பில் உப்புதான் எதிரி. ஓடி முடித்ததும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், சோப்பு பட்டைக்கு அடியில் தங்கினால் தடிப்பு வரும். பின்பக்கச் சார்ஜ் துளையில் ஈரம் இருக்கும்போது செருகவே கூடாது, பின்கள் பச்சை பிடித்துவிடும். ஊதிவிட்டு, துணி முனையால் ஒற்றி, பத்து நிமிடம் விட்டுச் செருகுவேன். பட்டை சாதாரண 22 மில்லிமீட்டர் என்பதால் எங்கும் கிடைக்கிறது, ஆனால் இணையத்தில் மலிவாக வாங்கிய ஒன்றின் இணைப்புக் கம்பி சில மாதத்திலேயே துருப்பிடித்துக் கழன்றது. நல்லவேளை, குளத்தில். கடலுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2025-ல் 570 வந்துவிட்டதால் 255 இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, பழையது கைமாறுகிறது. வாங்குவதானால் ஐந்து பட்டனையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள், லேப் பட்டன்தான் முதலில் மக்கர் செய்யும். பின்பக்கச் சென்சார் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விற்பவர் தன் கணக்கிலிருந்து வாட்சை நீக்கி, ரீசெட் செய்து, அது உங்கள் போனோடு இணைந்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.