ஓ.டி.யா, ஏஜென்ட் ஆளா, அரைநாள் அக்காக்களா?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் மசாலாத்தூள் அரைத்துப் பாக்கெட் போடும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆள் எடுப்பது, ஷிஃப்ட் போடுவது, சம்பளச் சீட்டு அடிப்பது எல்லாம் என் கைதான். மொத்தம் 22 பேர். பெரும்பாலான மாதங்களுக்கு இவர்களே போதும். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் அடிக்க ஆரம்பித்ததும், மாதத்துக்கு 200 மணி நேர வேலை கூடுதலாக வந்து நிற்கும். இந்த 200 மணியை யார் தலையில் வைப்பது? மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன், அதனால் கணக்கோடே சொல்கிறேன்.

முதலில் எல்லா முதலாளிகளும் தொடுவது ஓ.டி., அதாவது ஓவர்டைம்தான். ஆள் தேட வேண்டாம், பழக்க வேண்டாம், "இன்று எட்டு மணி வரைக்கும் இருங்க" என்று சொன்னால் முடிந்தது. 2025 பிப்ரவரியில் இருந்து எங்களைப் போல ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 8.17 வரும். சாதாரண நாளில் ஓ.டி. என்றால் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. பொது விடுமுறையில் கூடுதல் நேரம் பார்த்தால் மூன்று மடங்கு. 200 மணிக்கு 2,450 ரிங்கிட், சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு நாங்கள் கட்டும் பங்கையும் சேர்த்தால் 2,500 பக்கம் போய்விடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, கிடையாது. முதலாளி கட்ட வேண்டிய 13 சதவீதமும் இல்லை, தொழிலாளியின் 11 சதவீதமும் இல்லை. கையில் முழுசாக வருகிறது என்று ஆட்களுக்குச் சந்தோஷம்தான், ஓ.டி.யைக் குறைத்தால் என்னிடம் வந்து சண்டை போடுகிறவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை அப்படி. ஆனால் பத்து வருடமாக மாதம் 60, 70 மணி ஓ.டி. பார்த்த ஒருவருடைய சேமநிதிக் கணக்கைப் பார்த்தால், அவ்வளவு உழைத்த அடையாளமே அதில் இருக்காது. எனக்கு அது உறுத்துகிறது.

அப்புறம் வேலையின் தரம். சீல் மெஷினில் பாக்கெட்டின் வாய் நேராகப் போக வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒரு ஓரம் கருகும், மறு ஓரம் ஒட்டாது. காலையில் ஓட்டும் பெட்டிகளில் அப்படி ஒன்றோ இரண்டோ இருக்கும். இரவு ஏழு மணிக்கு மேல் ஓட்டிய பெட்டியை எடுத்து ஒவ்வொரு பாக்கெட்டாக அமுக்கிப் பார்த்தால் மஞ்சள்தூள் விரலில் ஒட்டிக்கொண்டே வரும். அவர்கள் அலட்சியமாகச் செய்யவில்லை, பத்து மணி நேரம் நின்ற கால் அவ்வளவுதான் தாங்கும். மாதத்துக்கு 104 மணிக்கு மேல் ஓ.டி. கூடாது என்று சட்டம் எல்லை போட்டிருக்கிறது, ஆனால் எங்கள் வேலையில் 40 மணியிலேயே தரம் இறங்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, ஏஜென்ட் மூலம் ஆள். அவசரத்துக்கு இதைவிட வேகமான வழி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். மாலையில் கேட்டால் காலையில் வேனில் ஆள் வந்து இறங்கும். எங்களுக்குச் சொன்ன விலை மணிக்கு 14 ரிங்கிட், இபிஎஃப், சொக்சோ எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள். 200 மணிக்கு 2,800. பணத்தைவிட என்னை வருத்தியது வேறு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முகம். திங்கட்கிழமை கற்றுக்கொண்டவர் புதன்கிழமை வர மாட்டார், மறுபடி மிளகாய்த்தூள் லேபிள் எது, மீன்கறித்தூள் லேபிள் எது என்று முதலில் இருந்து. இரண்டாவது வாரம் அதில் வந்த ஒரு பையன் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கைப்பேசியை நீட்டி, "அக்கா, நாலு மாசமா இபிஎஃப் ஏறல, கேட்டுச் சொல்றீங்களா?" என்றான். பார்த்தேன், உண்மைதான், ஒரு சென் ஏறவில்லை. ஏஜென்டைக் கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே பதில். அந்த மாதத்தோடு அவர்களை நிறுத்திவிட்டோம். ஏஜென்ட் சம்பளம் கொடுக்காமல் போனால் மூன்று மாதச் சம்பளம் வரை வேலை வாங்கிய நிறுவனத்தின் தலையிலும் விழலாம் என்று வேலைச் சட்டத்தில் இருக்கிறது, அதை நினைத்தும் பயந்தேன். ஏஜென்ட் வைப்பதென்றால் தொழிலாளர் துறையில் பதிந்தவரா என்று முதலில் பாருங்கள், இபிஎஃப் கட்டிய ரசீதை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள்.

நிரந்தரமாக ஒரு ஆளை எடுத்தால் மணிக்கணக்கில் அதுதான் மலிவு: சம்பளம், இபிஎஃப், சொக்சோ எல்லாம் சேர்த்து மாதம் 1,955 அளவில், 195 மணி வேலை. ஆனால் தீபாவளி முடிந்த பிறகும் அந்தச் சம்பளம் ஓடும். அதோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் 1972-லிருந்து கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவில் நிற்கின்றன, இங்கே பட்டர்வொர்த் பக்கம் வரை பஸ் அனுப்பி ஆள் ஏற்றுகிறார்கள். ஷிஃப்ட் அலவன்ஸுக்கு எங்களால் போட்டி போட முடியாது. வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி மட்டுமே வருடத்துக்கு 1,850 ரிங்கிட், இரண்டு மாத வேலைக்கு அது சரிப்படாது.

மூன்றாவதுதான் நான் மனசார ஆதரிப்பது: பார்ட் டைம். பிள்ளையைக் காலையில் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, பள்ளி விடும் வரைக்கும் கையில் நேரம் வைத்திருக்கும் அம்மாக்கள் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் நிறைய. முன்பு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், சீல் மெஷின் ஒன்றும் அவர்களுக்குப் புதிதில்லை. இரண்டு பேரை எடுத்தோம், காலை 8 முதல் 12.30 வரை, வாரம் ஐந்து நாள். ஆளுக்கு வாரம் 22.5 மணி. முழுநேரத்துக்கு 2023 ஜனவரியில் இருந்து வாரம் 45 மணிதான் உச்சவரம்பு, அதில் சரிபாதி. முழுநேர ஆளின் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை பார்த்தால் சட்டப்படி பார்ட் டைம் தொழிலாளி. விடுப்பு, மருத்துவ விடுப்பு, இபிஎஃப், சொக்சோ எல்லாம் அவர்களுக்கும் உண்டு, அது கருணை இல்லை, உரிமை.

மணிக்கு 10 ரிங்கிட் கொடுத்தோம். இபிஎஃப், சொக்சோ சேர்த்தால் எங்களுக்கு மணிக்கு 11.50 அளவில் ஆகிறது. ஓ.டி. 12.50, ஏஜென்ட் 14. மிச்சம் பெரிதில்லை என்றுதான் பாஸ் முதலில் சொன்னார். காலையில் வந்த பெட்டிகளை அமுக்கிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. குறையும் உண்டு: பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வர மாட்டார்கள், பள்ளி விடுமுறையில் நேரத்தை மாற்ற வேண்டும், மாலையில் சரக்கு ஏற்றும்போது அவர்கள் இல்லை. அதனால் மாலையில் கொஞ்சம் ஓ.டி. இன்னும் வைத்திருக்கிறேன், ஆளுக்கு வாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகாமல்.

ஆபீஸ் பக்கம் கணக்கு வேறு. எங்கள் கணக்குப் பிரிவுத் தங்கச்சி, ஆறு வருடமாக இருக்கிறவர், அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கேட்டு எழுதிக் கொடுத்தார். பாஸ் "எல்லாரும் கேட்பாங்க" என்றார். இப்படி எழுத்தில் கேட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் தர வேண்டும் என்று சட்டத்தைக் காட்டினேன். அவர் போய்விட்டால் புது ஆளுக்கு விளம்பரம், நேர்காணல், எங்கள் 140 கடைகளின் கடன் விவரத்தைப் பழக்குவது என்று குறைந்தது மூன்று மாதம் போகும் என்பதையும் எழுதிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

பார்ட் டைம் ஆள் தேடுகிறவர்களுக்கு ஒன்று. வேலை என்ன என்பதை விளம்பரத்தின் முதல் வரியில் போடாதீர்கள், நேரத்தைப் போடுங்கள். "காலை 8 முதல் 12.30, சனி ஞாயிறு விடுமுறை" என்று மேலே பெரிதாக எழுதி, கீழே மணிக்கு எவ்வளவு என்றும் போட்டு, எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். மறுநாள் மதியத்துக்குள் 11 பேர் போன் செய்தார்கள். அதில் ஒன்பது பேர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "12.30-க்கு நிச்சயமா விட்டுடுவீங்களா அக்கா?"